வேலரண்ட்டுக்கு மேப் எடிட்டர் வந்தால்

ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் சுட்டு ஆடும் ஆன்லைன் கேமான வேலரண்ட் 2020 ஜூனில் வெளிவந்த காலத்திலிருந்து ஆட்டக்காரர்கள் ஓயாமல் கேட்டுவந்த விஷயம் ரீப்ளே, அதாவது முடிந்த ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கும் வசதி. ஐந்து ஆண்டு கழித்து, 2025 செப்டம்பரில், அது கணினிப் பதிப்புக்கு வந்து சேர்ந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், ஜூலை கடைசியில், முழு கேமும் அதை இயக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினின் 4-ஆம் பதிப்பிலிருந்து 5-க்கு மாறியது. இரண்டும் அடுத்தடுத்து நடந்ததிலிருந்து எங்கள் ஆட்டக் குழுவில் இதே பேச்சுதான்: அடுத்தது, ஆடும் களங்களை நாமே கட்டும் மேப் எடிட்டர்தானே?

வேலரண்ட்டைச் செய்த ரயட் கேம்ஸ் அப்படி எதையும் அறிவிக்கவில்லை. தேதி கிடையாது, வாக்குறுதியும் கிடையாது. கீழே நான் எழுதுவது முழுக்க என் ஊகம். ஆனால் ஊகிக்கப் போதுமான சரக்கு கையில் இருக்கிறது. தங்கள் சர்வர் எப்படி ஓடுகிறது என்று ரயட் பொறியாளர்களே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். மற்ற கேம்கள் இந்தப் பாதையில் நடந்து பட்டதும் நம் கண்முன் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வேலரண்ட்டில் மேப் கட்டும் வசதி எந்த உருவத்தில் வர முடியும், எந்த உருவத்தில் வரவே முடியாது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் இதை ரயட்டிடம் கேட்க நமக்கு என்ன உரிமை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வார்கிராஃப்ட் 3 கேம் 2002-இல் வந்தபோது கூடவே ஒரு மேப் எடிட்டரும் வந்தது. அதை வைத்து ரசிகர்கள் கட்டிய மேப்தான் டோட்டா. அதன் புகழ்பெற்ற வடிவமான டோட்டா ஆல்ஸ்டார்ஸை வளர்த்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபீக்கை ரயட் வேலைக்கு எடுத்தது. 2009-இல் ரயட்டின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் அதே வகை ஆட்டமாக வந்தது. அந்த நிறுவனம் வளர்ந்தது அந்த ஒரு கேமின் மேல். அடுத்து 2019 ஜனவரி. டோட்டா 2-வில் கஸ்டம் மேப் கட்டும் வசதியைப் பயன்படுத்தி ட்ரோடோ என்ற சிறு சீனக் குழு ஆட்டோ செஸ் என்ற ஆட்டத்தைச் செய்தது. அது பற்றிக்கொண்டு எரிந்தது. அதே ஆண்டு ஜூனில் ரயட் அதே பாணியில் டீம்ஃபைட் டாக்டிக்ஸை வெளியிட்டுவிட்டது.

வேலரண்ட்டின் வம்சமும் அதேதான். அதன் மூதாதை கவுன்டர்-ஸ்ட்ரைக், மின் லேயும் ஜெஸ் கிளிஃபும் ஹாஃப்-லைஃப் கேமுக்காக 1999-இல் செய்த மாட், அதாவது இருக்கும் கேமை ரசிகர்கள் மாற்றிச் செய்த வடிவம். உலகமே ஆடிய டஸ்ட் 2 மேப்பை 2001-இல் கட்டியவர் டேவ் ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் இளைஞர். எந்த கேம் நிறுவனத்திலும் அவர் அப்போது வேலை பார்க்கவில்லை. வேலரண்ட்டில் எஸ்கலேஷன் என்று ஆடுகிறோமே, கொல்லக் கொல்லத் துப்பாக்கி மாறும் ஆட்டம், அதுவும் கவுன்டர்-ஸ்ட்ரைக் ரசிகர்கள் செய்த கன் கேமின் வழியில் வந்ததுதான். இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு மனிதர்: சால்வடோர் கரோசோ, ஆட்டப்பெயர் வால்கேனோ. தொழில்முறை கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டக்காரராக இருந்து, கேஷ் என்ற மேப்பை இன்னொருவருடன் சேர்ந்து உருவாக்கியவர். பிறகு ரயட்டுக்குப் போய் வேலரண்ட்டின் மேப்களில் வேலை செய்தார். எடிட்டர் என்ற ஒன்று வெளியாட்கள் கையில் இருந்ததால்தான் அவர் அந்த நாற்காலிக்கு வந்தார். அடுத்த வால்கேனோ இப்போது கோவையிலோ கோலாலம்பூரிலோ வேலரண்ட் ஆடிக்கொண்டிருந்தால், தன் திறமையைக் காட்ட அவருக்கு வேலரண்ட்டுக்குள் ஓர் இடம் கிடையாது. அவர் கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்குத்தான் போக வேண்டும். இந்த வசதியை நான் கேட்பதற்குக் காரணம் இது ஒன்றே போதும்.

கல்லூரி விடுதியில் லேன் கேபிள் இழுத்து கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடிய தலைமுறைக்கு இது புதுக்கதை இல்லை. நாங்கள் ராத்திரி முழுக்க ஆடியது பெரும்பாலும் ஐஸ்வேர்ல்டும் பூல் டேயும். இரண்டுமே ரசிகர்கள் செய்த மேப்கள் என்பதுகூட எங்களுக்கு அப்போது தெரியாது. எங்கள் சீனியர் ஒருவர் கவுன்டர்-ஸ்ட்ரைக் மேப் கட்டும் ஹேமர் எடிட்டரை உட்கார்ந்து கற்று, விடுதி மெஸ்ஸை மேப்பாகக் கட்டினார். டேப் வைத்து மெஸ்ஸை அளந்து, அளவு பிசகாமல் போட்டார். உள்ளே போய் ஆடினால் மூச்சு முட்டியது. வாசலில் இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியவில்லை. மேசைகளுக்கு நடுவில் திரும்பக்கூட இடமில்லை. நிஜ அளவில் கட்டிய அறை திரைக்குள் குறுகிப்போகும், ஒன்றரை மடங்காவது பெருக்க வேண்டும் என்று அவர் கண்டுபிடித்தார். சுவர்களைத் தள்ளினார், மேசைகளில் பாதியை எடுத்தார், பரிமாறும் ஜன்னலைத் தாவிக் குதிக்கும் உயரத்துக்கு இறக்கினார். மூன்றாவது வடிவத்தில் அது மெஸ் மாதிரியே இல்லை, ஆனால் ஆட அருமையாக இருந்தது. மேப் என்பது கட்டடம் கிடையாது, தூரங்களின் ஏற்பாடு என்று நான் புரிந்துகொண்டது அங்கேதான்.

சரி, வேலரண்ட்டில் இது ஏன் இத்தனை நாள் வரவில்லை? சோம்பல் என்று சிலர் திட்டுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் யார் வேண்டுமானாலும் தன் சொந்தக் கணினியில் சர்வர் வைக்கலாம். வேலரண்ட்டில் எல்லா ஆட்டமும் ரயட்டின் சர்வரில்தான் ஓடும். அது 128 டிக் சர்வர். விநாடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. அப்படியென்றால் ஒரு கணக்குக்குக் கிடைக்கும் நேரம் 7.8125 மில்லிவிநாடி. ஒரே ப்ராசசர் கோரில் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஓட்டினால்தான் செலவு கட்டுப்படியாகும் என்பதால், ஓர் ஆட்டத்துக்குத் தாங்கள் ஒதுக்கிக்கொண்ட நேரம் 2.34 மில்லிவிநாடி என்று ரயட் பொறியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணுக்குள் அடங்க அனிமேஷன் கணக்கு உட்படப் பலவற்றைச் சுருக்கினார்கள். இப்போது நம்மில் ஒருவர் ஆயிரக்கணக்கான பெட்டிகளை அடுக்கி, அதன் நடுவே சோவா என்ற பாத்திரம் பத்துத் திசையில் அம்பு விடுகிற மேப்பைக் கட்டினால், அந்தச் செலவு ரயட்டின் தலையில் விழும். அதே கோரில் ஓடும் பக்கத்து ஆட்டம் இழுக்க ஆரம்பிக்கும். அந்தப் பக்கத்து ஆட்டம் யாரோ ஒருவரின் ரேங்க்ட் (தரவரிசைக்கான) ஆட்டமாகவும் இருக்கலாம்.

அடுத்தது ஃபாக் ஆஃப் வார். சுவருக்குப் பின்னால் இருக்கும் எதிரியின் இடத்தை வேலரண்ட் சர்வர் நம் கணினிக்கு அனுப்புவதே இல்லை. எதிரி கண்ணில் படப்போகும் தருணத்துக்குச் சற்று முன்னால்தான் அனுப்பும். சுவருக்கு அப்பால் காட்டும் திருட்டு மென்பொருளான வால்ஹேக் போட்டவனுக்கும் பார்க்க ஒன்றும் இருக்காது. கேமின் நேர்மை இதன் மேல்தான் நிற்கிறது. எந்த மூலையிலிருந்து எந்த மூலை தெரியும் என்பது சர்வருக்கு நன்றாகத் தெரிந்திருந்தால்தான் இது வேலை செய்யும். அதிகாரபூர்வ மேப்பில் சுவர்கள் நகர்வதில்லை, கணக்கை முன்பே போட்டு வைக்கலாம். நம் மேப்பிலோ ஒரு சுவரை அரை மீட்டர் நகர்த்தினால் கணக்கு மாறிவிடும். தவறிப்போனால் எதிரி வெறும் காற்றிலிருந்து திடீரென்று முளைப்பான். வெளிச்சத்துக்கும் இதே சிக்கல். பழைய மடிக்கணினியிலும் ஓட வேண்டும் என்பது இந்த கேமின் ஆரம்பக் கொள்கை. அதற்காக நிழலையும் ஒளியையும் முன்கூட்டியே சுட்டுப் பதித்து வைக்கிறார்கள்.

ஆகவே என் ஊகம் இது. ஹேமர் மாதிரி, எதை வேண்டுமானாலும் செதுக்கும் எடிட்டர் வேலரண்ட்டுக்கு வராது. கேமின் கோப்புகளைத் தொடும் எதையும் ரயட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட் விடாது என்பதும் இதற்கு ஒரு காரணம். வந்தால், நண்பர்கள் தனியாக ஆடும் கஸ்டம் கேமுக்குள்ளேயே ஒரு வெற்றுத் தளம் வரும். ரயட் அளவு பார்த்து வைத்த துண்டுகள் வரும்: சுவர், பெட்டி, சரிவு, கயிறு, கதவு, ஸ்பைக் சைட் (தாக்கும் அணி ஸ்பைக் என்ற குண்டை வைக்கும் இடம்). ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு இருக்கும். மொத்தம் இவ்வளவுதான் என்று வரம்பும் இருக்கும். கட்டி முடித்ததும் "சரிபார்" என்று ஒரு பொத்தான். அழுத்தினால் சர்வர் பார்வைக் கணக்கையும் ஒளிக் கணக்கையும் போட்டுவிட்டு, மேப் தேறியதா இல்லையா என்று சொல்லும். ஹேலோ இன்ஃபினிட் கேமின் மேப் எடிட்டரான ஃபோர்ஜில் வெளிச்சத்தைக் கட்டுவது இப்படித் தனி வேலையாகத்தான் இருக்கிறது, யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை.

வரம்பு என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஹேலோ 3-இன் கதையைச் சொல்ல வேண்டும். 2007 செப்டம்பரில் அந்த கேம் வந்தபோது ஃபோர்ஜ் என்பது மேப் எடிட்டரே கிடையாது. இருக்கிற மேப்பில் துப்பாக்கியையும் பெட்டியையும் இடம் மாற்றிவைக்கும் வசதி, அவ்வளவுதான். ஒரு பெட்டியை இன்னொன்றுக்குள் நுழைத்து ஒட்டவைக்க முடியாது, மோதித் தெறித்துவிடும். டிசம்பரில் ஃபௌண்ட்ரி என்ற காலிக் கிடங்கு மேப் வந்ததும் ரசிகர்கள் அதற்குள் குடியேறினார்கள். ஒரு வழியையும் கண்டுபிடித்தார்கள். பெட்டியை "ஆட்டம் தொடங்கும்போது தோன்ற வேண்டாம்" என்று அமைத்து, சேமித்து வெளியே வந்து, மறுபடி உள்ளே போனால் அந்த இடம் காலியாக இருக்கும். அங்கே இரண்டாவது பெட்டியை வைத்துவிட்டால், அடுத்த முறை இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்கும். தளம் சமமாக இருக்க வேண்டுமே என்பதற்காக ஒவ்வொரு பெட்டிக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. 2010-இல் ஹேலோ ரீச் வந்தபோது, பொருள்கள் ஒன்றையொன்று ஊடுருவலாம் என்பது மெனுவில் ஒரு சாதாரணத் தேர்வாக இருந்தது. ஆட்டக்காரர்கள் கைவலிக்கக் காட்டிய வழியை பங்கி நிறுவனம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. ரயட் முதல் வடிவத்தில் முப்பது துண்டுகள் மட்டும் கொடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த முப்பதில் எது போதவில்லை என்பதை ஆடுகிறவர்கள் காட்டிவிடுவார்கள்.

கட்ட ஆரம்பித்ததும் எல்லோரும் முட்டிக்கொள்ளப்போகும் இடம் எது என்றும் எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. அழகு அல்ல, நேரம். வேண்டல் துப்பாக்கியைக் கையில் பிடித்து ஓடினால் விநாடிக்கு 5.4 மீட்டர், கத்தியோடு ஓடினால் 6.75. ஸ்பைக் வைத்தபின் வெடிக்க 45 விநாடி, தற்காப்பு அணி அதை முழுதாக டிஃப்யூஸ் செய்ய, அதாவது செயலிழக்கச் செய்ய, 7 விநாடி. மிச்சம் 38. நீங்கள் கட்டிய மேப்பில் ஒரு சைட்டிலிருந்து இன்னொன்றுக்கு 120 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தற்காப்பு அணி துப்பாக்கியோடு ஓடி வர ஏறக்குறைய 22 விநாடி. சண்டை போட்டு இடத்தைப் பிடிக்க 16 விநாடி கிடைக்கும். அந்தத் தாழ்வாரம் பார்க்க கம்பீரமாக இருக்க வேண்டும் என்று 40 மீட்டர் நீட்டிவிட்டீர்கள். இப்போது ஓட்டத்துக்கே 30 விநாடி போய்விடும். சண்டைக்கு 8 விநாடி. ஓமன் என்ற பாத்திரம் போடும் ஒரு ஸ்மோக், அதாவது புகைத்திரை, நிற்பதே 15 விநாடி. தாக்கும் அணி வாசலில் அதை ஒன்று போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும், தற்காப்பு அணியால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மேப்பில் ஸ்பைக் வைத்தால் ரவுண்டு முடிந்தது என்று அர்த்தம். யாரும் தோட்டா வீணாக்க வேண்டாம்.

இதோடு ஏஜென்ட்களின், அதாவது நாம் ஆடும் பாத்திரங்களின், சக்திகளும் சேர்ந்துகொள்ளும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் சுவர் சுவர்தான். இங்கே ஜெட் மேலே எழும்புவாள், சேஜ் வழியை அடைப்பாள், சைஃபர் கம்பி கட்டுவான், சோவாவின் அம்பு எகிறிப் பாயும். ஒரு பெட்டியின் உயரத்தைத் தீர்மானிக்கும்போதே ஜெட்டால் ஏற முடியுமா, ஏறினால் எங்கே வரை தெரியும் என்று பார்த்தாக வேண்டும். வாசலின் அகலத்தை ஒரு ஸ்மோக் மூடுமா, இரண்டு தேவைப்படுமா என்று யோசிக்க வேண்டும். ரயட்டின் மேப்கள் ஒவ்வொன்றிலும் ஒரு துணிச்சல் உண்டு: ஹேவனில் மூன்று சைட், பைண்டில் நடுப்பாதையே இல்லாமல் டெலிபோர்ட்டர், ஃப்ராக்சரில் தாக்கும் அணி இரு பக்கமும், அபிஸில் ஓரத்தில் தடுப்பே இல்லாத பள்ளம். ஃப்ராக்சரைத் திட்டாத ரேங்க்ட் ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் இரு பக்கத் தாக்குதலை நியாயமாக்க எத்தனை தூரங்களைச் சரிக்கட்டியிருப்பார்கள் என்பது, நாமே ஒன்றைக் கட்டிப் பார்க்கும் அன்றைக்குத்தான் உறைக்கும். எடிட்டர் வந்தால் மேப் பற்றிய பேச்சின் தரமே உயரும் என்று நம்புகிறேன். "இந்த மேப் குப்பை" என்பவர், "பி சைட்டுக்குப் போகும் பாதையை ஆறு மீட்டர் குறைத்தால் சரியாகும்" என்று கட்டிக் காட்டுவார்.

என் பயம் கருவியைப் பற்றி இல்லை, ரசிகர் மேப்களைக் காட்டும் பட்டியலைப் பற்றி. யாரோ நல்ல மேப் கட்டிவிட்டார். அதை ஆடப் பத்துப் பேர் எப்படிச் சேர்வார்கள்? 2025 அக்டோபரில் பேட்டில்ஃபீல்டு 6 வந்தபோது ரசிகர்கள் ஆட்டம் கட்டும் பகுதியான அதன் போர்டலில் அருமையான எடிட்டர் இருந்தது. முதல் வாரங்களில் அந்தப் பட்டியலை நிரப்பியது நின்ற இடத்தில் நிற்கும் பாட்களை (கணினியே ஆட்டும் ஆட்களை) சுட்டு எக்ஸ்.பி. என்ற அனுபவப் புள்ளிகளைச் சேர்க்கும் சர்வர்கள். உழைத்துக் கட்டியவர்களின் மேப்கள் அடியில் புதைந்தன; தயாரிப்பாளர்கள் எக்ஸ்.பி. விதியையே மாற்ற வேண்டிவந்தது. வேலரண்ட்டில் புள்ளி சேர்த்துப் பரிசு வாங்கும் பேட்டில் பாஸ் எக்ஸ்.பி.க்காக மக்கள் என்னென்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கஸ்டம் மேப்பில் ஒரு புள்ளிகூடக் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆடப் பிடித்தவர்கள் மட்டும் வரட்டும். அதற்கு மாற்றாக, மாதத்துக்கு ஒரு ரசிகர் மேப்பை ரயட்டே பொறுக்கி, இரண்டு வாரம் எல்லோருக்குமான வரிசையில் வைக்கட்டும். 2023-இல் ஹேலோ இன்ஃபினிட் ரசிகர்களின் ஃபோர்ஜ் மேப்களை அதிகாரபூர்வ வரிசைகளில் சேர்த்தது, நன்றாகவும் இருந்தது. என்ன, அந்த ஃபோர்ஜ் கேம் வெளியாகி ஏறக்குறைய ஓராண்டு கழித்து 2022 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் பலர் கிளம்பிவிட்டிருந்தார்கள். பாட்களை வைத்து மேப்பைச் சோதிக்கும் வசதி, ஸ்கிரிப்ட் எழுதும் வசதி என்று எல்லாம் இருந்தும், பார்க்கக் கூட்டம் குறைந்த நேரத்தில் வந்தது.

உள்ளடக்கத்தைக் காவல் காப்பதும் சின்ன வேலை இல்லை. கிரைஸ்ட்சர்ச் மசூதிப் படுகொலையை மறுபடி கட்டிய தளங்களை ரோப்லாக்ஸ் அகற்ற வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் பயம் எல்லை மீறிய கதையும் உண்டு: 2007-இல், வர்ஜீனியா டெக் துப்பாக்கிச் சூடு நடந்த சில வாரங்களில், தன் பள்ளியைக் கவுன்டர்-ஸ்ட்ரைக் மேப்பாகச் செய்த டெக்சாஸ் மாணவர் ஒருவரைப் பள்ளியை விட்டு வேறு மையத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் மெஸ் மேப்பை நினைத்துக்கொள்கிறேன். தெரிந்த இடத்தைக் கட்டிப்பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வருவது. நல்லதையும் கெட்டதையும் பிரிக்க மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதற்கு ரயட் பணம் செலவழிக்க வேண்டும்.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் நான் கறாராக இருக்கிறேன். டோட்டாவைக் கைநழுவ விட்ட பிளிஸர்டு, 2020-இல் வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டை வெளியிட்டபோது, இனி ரசிகர் கட்டும் கஸ்டம் கேம் எல்லாம் தனக்கே சொந்தம் என்று விதியில் எழுதிக்கொண்டது. அடுத்த டோட்டாவை எவராவது அங்கே போய்க் கட்டுவாரா? ரயட்டும் அதே வரியை எழுதத் தூண்டப்படும். எழுதக் கூடாது. கட்டியவரின் பெயர் லோடிங் திரையில் வர வேண்டும், யோசனை அவருடையதாகவே இருக்க வேண்டும். பணமும் போக வேண்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் நிறுவனமான வால்வ் 2013 ஏப்ரலில் ஆபரேஷன் பேபேக் என்ற பாஸை விற்று, அதில் ரசிகர் மேப்களை வைத்து, வருமானத்தில் மேப் கட்டியவர்களுக்குப் பங்கு கொடுத்தது. எபிக் 2023 மார்ச்சில் ஃபோர்ட்நைட் எடிட்டரைத் திறந்தபோது, கேமின் நிகர வருமானத்தில் 40 சதவீதத்தைத் தீவு (அங்கே மேப்புக்கு அதுதான் பெயர்) கட்டுபவர்களுக்கென ஒதுக்குவதாக அறிவித்தது. துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஒரு ஸ்கினுக்கு ரயட் வாங்கும் விலை தெரிந்தவர்கள், பணமில்லை என்ற பேச்சை ஏற்க மாட்டார்கள்.

என்றாவது பேட்ச் குறிப்பில் அந்த வரி வந்தால் நான் மூன்று விஷயங்களைத்தான் தேடுவேன். பாட் இருக்கிறதா; பத்துப் பேர் கிடைக்கும்வரை காத்திருந்தால் எந்த மேப்பும் தேறாது, பயிற்சி அரங்கின் பொம்மைகளும் இதற்குப் போதாது. ரீப்ளே கஸ்டம் மேப்பிலும் பதிவாகிறதா. எந்த மூலையில் எல்லோரும் சாகிறார்கள் என்று பார்க்காமல் சுவரை எங்கே நகர்த்துவது? மூன்றாவதாக, இரண்டு பேர் ஒரே நேரத்தில் கட்டலாமா. இது மட்டும் இருந்தால், இப்போது பெங்களூரில் இருக்கும் அந்தச் சீனியரை அன்றைக்கே கூப்பிட்டுவிடுவேன். மெஸ்ஸில் அவர் எடுத்த மேசைகளில் இரண்டைத் திரும்ப வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வைத்தால் ஜன்னல் பக்கம் சைஃபர் ரொம்பவும் பலமாகிவிடுவான் என்பார் அவர். ஆடிப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும்.